பெடலைச் சொன்னேன்

உதிரிபாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போட்டவரில்லை, நாடி பிடித்தவரில்லை. வண்டிக்கு என்ன நோவு என்று வந்து சொன்னால் போதும், இன்ன சாமான், இன்ன நம்பர், இன்ன அலமாரியில் இன்ன தட்டு என்று கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் துண்டுச்சீட்டில் எழுதிவிடுவார். பதினெட்டு வருஷமாக அதே கவுண்டர், அதே மர ஸ்டூல். மெக்கானிக்குகள் விளையாட்டாக வைத்த பெயர் அது. அவர்தான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம். டாக்டர் இதுவரை ஒரு வண்டியின் சக்கரத்தைக்கூடத் தன் கையால் கழற்றியதில்லை. பஞ்சர் ஆனாலே போன் போட்டு ஆளைக் கூப்பிடுகிற ரகம். இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வம்பு புதன்கிழமை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன்காரர் ஒருவர், காலைக் கூட்டத்தில் இடம் பிடித்துக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். முந்தின வாரம்தான் முன் சக்கரங்களுக்கு ஒரு ஜோடி காலிப்பர் வாங்கிப்போயிருந்தார். காலிப்பர் என்பது பிரேக் போடும்போது சக்கரத்தின் தட்டைக் கவ்விப்பிடிக்கிற இரும்புப் பிடி. அதைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு, முறைப்படி ஏர் எடுத்திருக்கிறார். பிரேக் ஆயில் ஓடுகிற குழாய்க்குள் காற்று சிக்கினால் பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குத்தான் ஏர் எடுப்பது என்று பெயர். அவர் எடுத்தும் காற்று போகவில்லை. மிதித்தால் பெடல் தலையணை மாதிரி அமுங்குகிறது.

"ரெண்டு நாளா எடுக்கறேங்க. மூணு புட்டி ஆயில் ஊத்தியாச்சு. ஒருவேளை சாமான்லதான் ஏதாச்சும்..." என்று வேன்காரர் தயங்கினார்.

'சாமான்ல' என்ற வார்த்தை டாக்டருக்கு ஆகாது. அதுவும் பத்துப் பேர் நிற்கும்போது.

"என் கடைச் சாமான்ல குத்தமா? பதினெட்டு வருஷத்துல ஒருத்தர் இப்படி வந்து நின்னதில்ல. கை சரியில்லன்னா சாமான் என்னங்க பண்ணும்?"

எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. தையல் கோணினாலும் சொல்வார்கள், குழம்பு கெட்டாலும் சொல்வார்கள். கூட்டம் சிரித்தது. ஆனால் முன்வரிசையில் நின்றவர்களின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. வேன்காரர் கவுண்டர்மேல் ஊன்றியிருந்த இடது கையை மெல்ல எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

டாக்டர் அதைப் பார்த்தார். பார்த்தது வேன்காரருக்கும் தெரிந்தது. 'ஐயோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லலைங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பத்துப் பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப விழுங்குவதா என்று ஒரு வீம்பு அதை உள்ளே தள்ளிவிட்டது.

"அடுத்து யாரு?" என்றார்.

வேன்காரர் போய்விட்டார். கூட்டத்திலிருந்த நெட்டை மெக்கானிக், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன், கவுண்டரில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"டாக்டர், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்க என்னைக்காவது ஏர் எடுத்திருக்கீங்களா?"

"எடுக்காமத்தான் உனக்கெல்லாம் சாமான் எடுத்துக் குடுக்கறேனா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"எங்க வீட்டு வண்டிக்கே முன்னால பிரேக் இழுத்துப் பிடிக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு காலிப்பரையும் நானே மாத்தி நானே ஏர் எடுக்கறேன். வந்து பாரு."

சொல்லிவிட்டார். பத்துப் பேர் கேட்டாயிற்று. இனி தப்ப வழியில்லை. வியாழனும் வெள்ளியுமாக வேன்காரர் மூன்று தடவை போன் செய்தார். டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலையாக இருப்பதாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை சாமான் தேர்ந்தெடுக்கிற படலம். இதில் அவரை யாரும் அசைக்க முடியாது. காலிப்பரில் ஏர் வெளியேறுகிற சின்னத் திருகுக்கு நிப்பிள் என்று பெயர். அதைத் திறக்க வாய் பிளந்த ஸ்பேனர் ஆகாது, விளிம்பு மழுங்கிவிடும். முழு வளையம் உள்ள ரிங் ஸ்பேனர்தான் வேண்டும் என்று மூன்றை எடுத்து, நிப்பிளில் போட்டுப் பார்த்து, துளியும் ஆடாத ஒன்றை வைத்துக்கொண்டார். நிப்பிளில் செருகுகிற டியூப் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கவேண்டும், குமிழி தெரியவேண்டுமே. பிரேக் ஆயில் சீல் உடைக்காத புட்டி. உடைத்தது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போயிருக்கும். வெளியே வருகிற ஆயிலைப் பிடிக்க ஒரு பழைய பாட்டில், நிப்பிளுக்கு ரப்பர் மூடி, சக்கரம் உருளாமலிருக்க மரக்கட்டை, ஜாக்கி, ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது என்று இரண்டு ஸ்டாண்டு. ஒரு மெக்கானிக் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத தேர்வு. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

கடைசியாகக் காலிப்பர் ஜோடி. அவர் வீட்டு வண்டிக்கும் அந்த வேனுக்கும் ஒரே ரகம். இரண்டு வருஷமாக இது ஒரே பெட்டியில் இரண்டாக வருகிறது. எது இடது, எது வலது என்று மேலே எழுதியிருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க டாக்டரே ஒரு சேவை செய்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, எதிரே நிற்கும் வண்டியில் அது எப்படி உட்காரும் என்று ஒரு பார்வை பார்த்து, சாக்பீஸால் ஒன்றில் 'இ', இன்னொன்றில் 'வ' என்று எழுதிக் கொடுப்பார். வேறெந்தக் கடையில் இப்படிச் செய்கிறார்கள், சொல்லுங்கள். தன் ஜோடியிலும் எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. மனைவி ஓட்டுநர் இருக்கையில். அவள் கண் மருத்துவமனையில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவள். வாரத்துக்கு ஆறு நாள் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள்.

"நான் அமுக்குன்னா அமுக்கணும். பிடின்னா அப்படியே பிடிச்சுக்கணும். நான் நிப்பிளத் திறந்து மூடிட்டு விடுன்னு சொல்லுவேன். அதுவரைக்கும் விடவே கூடாது. விட்டா வெளிக்காத்து உள்ள போயிடும். புரிஞ்சுதா?"

"மூணு வார்த்தைதான, புரிஞ்சுது."

அமுக்கு, பிடி, விடு. அமுக்கு, பிடி, விடு. டியூபில் ஆயில் வந்தது, குமிழியும் வந்தது. அப்புறம் குமிழி நின்றுவிட்டது. பெடல் மட்டும் கெட்டிப்படவில்லை. இடதுபக்கம் எடுத்தார், வலதுபக்கம் எடுத்தார், திரும்ப இடதுபக்கம் வந்தார். ஒரு புட்டி தீர்ந்தது. பன்னிரண்டு மணி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை முழுக்க ஆயில். இரண்டாவது புட்டியும் பாதி ஆனபோது, காரணம் கண்டுபிடித்துவிட்டார்.

"நீ முழுசா அமுக்கல."

"தரை தட்டற வரைக்கும் அமுக்கறேங்க."

"அப்ப நான் சொல்றதுக்கு முன்னாடி விட்டுடற. உன் கால் சரியில்ல. கால் சரியில்லன்னா நான் என்ன எடுத்து என்ன ஆகப்போகுது?"

சொன்னபிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. புதன்கிழமை சொன்னது அப்படியே. கைக்குப் பதில் கால். அவ்வளவுதான் வித்தியாசம்.

மனைவி கதவைத் திறந்து இறங்கி வந்து, சேலையைச் செருகிக்கொண்டு, சக்கரம் இல்லாத இடத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கேட்டாள்.

"காத்து மேலதான நிக்கும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப காத்து போற மூக்கு ஏன் கீழ இருக்கு?"

டாக்டர் குனிந்து பார்த்தார். நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. காற்று மேலே ஒரு மூலையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்க, இவர் காலையிலிருந்து கீழே துளை போட்டு நல்ல ஆயிலை ஊற்றி ஊற்றி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து மறுபக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் கீழே. இடது காலிப்பர் வலதுபக்கம் இருந்தது, வலது காலிப்பர் இடதுபக்கம் இருந்தது.

"ஆனா நான் எழுதிட்டுத்தான வந்தேன். இ, வ..."

"எப்படிப் பாத்து எழுதுவீங்க?"

"வண்டி எதிர்ல நிக்குதுன்னு வச்சுக்கிட்டு..."

"கடையில வண்டிங்க மூஞ்சிய உங்களப் பாத்துதான வந்து நிக்கும்?"

அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் இதே கதைதாங்க" என்றாள் அவள், கொஞ்சம் இரக்கத்தோடு. "எதிர்ல உக்காந்திருக்கறவங்களோட வலது கண்ணு என் இடது கைப்பக்கம் இருக்கும். மாத்தி எழுதினா கண்ணாடியே மாறிப்போயிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துலயே குட்டு வாங்கிக் கத்துக்கிட்டேன்."

டாக்டரை யாரும் குட்டவில்லை. இரண்டு வருஷமாக, ஜோடி ஜோடியாக, தன் இடதுபக்கம் வண்டிக்கு வலதுபக்கம் என்று தெரியாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் இத்தனை மெக்கானிக்குகள் எப்படிச் சரியாக மாட்டினார்கள்? கேள்வி வந்த வேகத்தில் பதிலும் வந்தது. அவர் எழுதிக் கொடுத்ததும் நெட்டை மெக்கானிக் கட்டைவிரலால் அந்த எழுத்தைத் தேய்த்து அழித்துக்கொண்டே படி இறங்குவான். அவன் மட்டுமா, எல்லாருமே அப்படித்தான். தூசி துடைக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். அவர்களுக்கு நிப்பிளைப் பார்த்தாலே பக்கம் தெரியும். டாக்டரைத் தவிர அந்த எழுத்தை நம்பி மாட்டிய ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம், காது, கழுத்து எல்லாம் சூடேறியது. வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். அதற்கும் கீழே அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அந்த வேனில் பிள்ளைகள் ஏறுவார்கள்.

"புதன்கிழமை ஒருத்தர் வந்தார்னு சொன்னீங்களே, கை சரியில்லாதவர்னு சிரிச்சீங்களே, அவருக்கும் இதே ஜோடியா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆமா." அன்றைக்கு வீட்டில் சொல்லாமல் விட்டதையும் சொன்னார். "அவருக்கு ரெண்டு விரல் இல்ல. அது தெரியாமதான் சொன்னேன். ஆனா சொன்னதும் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

அவள் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் போனை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, வேன்காரர் எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று கேட்க டாக்டருக்கு எந்த உரிமையும் இல்லை. காலிப்பர் வாங்க வந்த அன்றைக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வேனை நிறுத்துவதாக அவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஸ்பேனரையும் டியூபையும் மிச்ச ஆயிலையும் பையில் போட்டுக்கொண்டு, ஆயில் சட்டையோடேயே பஸ் ஏறினார்.

வேன் அங்கேதான் நின்றது. முன்சக்கரம் இரண்டும் கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தது. வேன்காரர் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, காலிப்பரின் உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலிப்பரின் முதுகில் சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது. டாக்டரின் கையெழுத்து. 'வ'வின் வால் வழக்கம்போல நீண்டிருந்தது.

"வேன்ல பிள்ளைங்கள..." டாக்டருக்கு மூச்சு வாங்கியது. "வேன ஓட்டினீங்களா?"

வேன்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பிரேக் இல்லாத வண்டில பிள்ளைங்கள ஏத்துவேனா? ஒரு வாரமா வேற வேன்ல அனுப்பறேன்." சொல்லிவிட்டு ரப்பரைப் பார்க்கக் குனிந்துகொண்டார். "நாலு தடவ கழட்டி மாட்டிட்டேன். நீங்க சொன்ன மாதிரி என் கைதான் போல."

இந்த மனுஷர் நம்பிவிட்டார். சாக்பீஸ் எழுத்தை நம்பின மாதிரியே அதையும் நம்பிவிட்டார்.

"உங்க கை இல்லங்க. நான் எழுதினது தப்பு. இடது வலது மாத்தி எழுதிட்டேன். நிப்பிள் மேல வரணும். மாத்தி மாட்டினா சரியாயிடும்."

வேன்காரர் காலிப்பரைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், காலிப்பரைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று டாக்டரால் படிக்க முடியவில்லை. கோபப்பட்டுக் கத்துவார் என்று காத்திருந்தார். அவரோ எழுந்து மறுபக்கத்துக் காலிப்பரைக் கழற்றப் போய்விட்டார்.

"நான் மாட்டித் தரேன்" என்று டாக்டர் பையைத் திறந்தார்.

"நீங்க பெடல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். வேன்காரர் மூன்று விரல் உள்ள கையால் காலிப்பரைத் தாங்கிப்பிடித்து, வலது கையால் போல்ட்டை முடுக்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரு தடவைகூட ஸ்பேனர் வழுக்கவில்லை. காலையிலிருந்து பத்துத் தடவை வழுக்கி விரல்முட்டி தோலுரிந்த டாக்டர், தன் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"அமுக்குங்க. பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

டியூபில் காற்று புசுபுசுவென்று போகும் சத்தம் டாக்டருக்கே கேட்டது. இத்தனை நாளாக அடைபட்டிருந்த காற்று. அதைக் கேட்டதும் அவருக்கும் வாய் திறந்துகொண்டது. காலை அழுத்திப் பிடித்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்புங்க. கையப் பாக்காம சொல்லிட்டேன். பாத்தப்புறமாவது சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

கீழே ஸ்பேனர் நிப்பிளில் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்புறம், "விடுங்க" என்றது குரல்.

டாக்டரின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. கண்கூடக் கலங்கிவிட்டது. "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார்.

"பெடலச் சொன்னேன்."

டாக்டர் காலை எடுத்தார்.

அதற்குப்பிறகு அமுக்குங்க, பிடிங்க, விடுங்க தவிர வேறு பேச்சில்லை. ஒவ்வொரு 'விடுங்க'வும் பெடலுக்குத்தான் என்று டாக்டருக்கு இப்போது தெரிந்திருந்தது. எட்டாவது தடவை பெடல் பாதி வழியில் கல்லாக நின்றது. வேன்காரர் தானே ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, வேனைக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து ஸ்பேனரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல ஸ்பேனர். தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றார்.

"நான் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையே நீங்க."

"நீங்க சொன்னது கடையில. பத்துப் பேரு கேட்டாங்க. இங்க கேக்கறதுக்கு யாரு இருக்கா?" அவர் குரலில் சூடே இல்லை. "நாளைக்கு ஒரு புட்டி ஆயில் வாங்க வருவேன்."

திங்கட்கிழமை காலை, வேன்காரர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோது கடையில் நல்ல கூட்டம். டாக்டர் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கூப்பிட்டு ஓரமாக அழைத்துப்போய், கையைப் பிடித்துக்கொண்டு, ஆயில் புட்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று மனசு யோசனை சொன்னது. நெட்டை மெக்கானிக் வேறு நேரம் பார்த்து, "என்ன டாக்டர், ஏர் எடுத்தீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"எடுத்தேன். வரல" என்றார் டாக்டர். பிறகு கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. புதன்கிழமை இவரப் பாத்து கை சரியில்லன்னு சொன்னேன். சரியில்லாதது என் கை. இடது வலது தெரியாம எழுதிக் குடுத்தேன். என் எழுத்த நம்பி மாட்டினதுதான் அவரு செஞ்ச ஒரே தப்பு. அவரு கையோட நெலம அன்னைக்கே என் கண்ணுல பட்டுச்சு. பட்டும் வாய மூடிக்கிட்டு நின்னேன். அதுக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

யாரோ கையிலிருந்த போல்ட்டைக் கவுண்டரில் மெதுவாக வைத்தார்கள். டாக்டர் நெட்டை மெக்கானிக்கைப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் தெரியும், இல்ல? ரெண்டு வருஷமா அழிச்சுட்டுத்தான் போறீங்க. ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

நெட்டை மெக்கானிக் முதல் தடவையாக வார்த்தைக்குத் தடுமாறினான். "சொல்லலாம்னுதான் இருந்தோம் டாக்டர். சொன்னா எங்க கை சரியில்லம்பீங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் டாக்டருக்கு அதிகமாகச் சுட்டது. அவர் திரும்பி அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, சீல் சரியாக இருக்கிறதா என்று வழக்கம்போலப் பார்த்து, கவுண்டரில் வைத்தார். தலையை நிமிர்த்தத் தைரியம் வரவில்லை.

வேன்காரர் பையிலிருந்து இடது கையை எடுத்தார். எல்லாரும் பார்க்கக் கவுண்டர்மேல் ஊன்றினார். பிறகு அந்த மூன்று விரலாலேயே புட்டியைப் பற்றி எடுத்தார்.

"விடுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் தன்னையறியாமல் கீழே பார்த்தார். காலடியில் வெறும் சிமெண்டுத் தரைதான் இருந்தது.